அட்டை எஞ்சின்

அப்பா எஞ்சினை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தார். மகள் பூனை பின்னால் போனாள்.

எதிரே வந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.

"என்ன சார், நாய்க்கு வீடா?"

"எஞ்சின்."

தபால்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அட்டையில் செய்ததென்றாலும் அவருக்கு அது எஞ்சின்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள், வலப்புறம் உருண்டையாக கிளட்ச் மூடி, முன்னால் புகைக்குழாய் தொடங்கும் இரண்டு துளைகள், அடியில் எண்ணெய்த் தொட்டி. எல்லாவற்றையும் அவரே வெட்டி, மடித்து, ஒட்டியிருந்தார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாதிரிப் பெட்டி செய்வது அவர் வேலை. கண்ணாடி விளக்கோ தண்ணீர் மோட்டாரோ, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு பெட்டி செய்துவிடுவார். எஞ்சின் செய்வது இதுதான் முதல் தடவை.

போன வாரம் நடந்தது தெரியாமல் இந்தத் தெருவில் மிச்சமிருந்தது அந்தத் தபால்காரர் ஒருவர்தான். மலைப்பாதையில், உச்சிக்குச் சற்றுக் கீழே, அம்மாவின் மோட்டார் சைக்கிள் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டியோடு அம்மாவும் அப்பாவும் முட்டைகோஸ் ஏற்றிய லாரியில் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்பா ஒரு முட்டைகோஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

வண்டி அம்மாவுடையது. ஓட்டுவதும் அம்மாதான். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். விடுமுறை வந்தால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, கூடாரத்தைச் சுருட்டிக் கட்டி, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பிவிடுவாள். அவளோடு வண்டி ஓட்டும் கூட்டத்தில் எல்லோரும் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் மூன்று வருடங்களாக அதே வளைவில் திரும்பி வருகிறாள். அடுத்த மாதம் கூட்டம் மறுபடி கிளம்புகிறது.

"இந்தத் தடவை அந்தப் பக்கம் இறங்காம நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்குத்தான் பெரிய எஞ்சின்.

பட்டறை வாசலில் அம்மா ஏற்கெனவே நின்றிருந்தாள். கையில் சாவிக்கொத்து. பயிற்சிக் கார் மரத்தடியில் நின்றது.

"வாங்க, வாங்க. ஊர்வலம் வந்தாச்சா?"

"மெதுவாத்தான் கொண்டு வர முடியும். மூலை மடங்கிடும்" என்றார் அப்பா.

உள்ளே வண்டி மரக்கட்டைகள் மேல் நின்றது. எஞ்சின் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதன் வழியாகப் பின்னால் இருந்த சுவரும், சுவரில் தொங்கிய ஸ்பேனர்களும் தெரிந்தன. பூனைக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சின்ன வயதில் அந்த வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து போனவள் அவள். வீட்டில் அவளைப் பூனை என்றே கூப்பிட்டார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயும் அப்படித்தான்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். அவருக்கு இந்த வட்டாரத்தில் 'நாளைக்கு' என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வரும் சொல் அது.

"அடேயப்பா! சார், இதை அப்படியே பெட்ரோல் ஊத்தி ஓட்டலாம் போலிருக்கே."

அப்பா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். அப்பாவுக்குப் பழைய எஞ்சினையே சரிசெய்ய வேண்டும். சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்றார். அம்மாவுக்கு அந்த முந்நூற்றைம்பது சிசியின் பெயரைக் கேட்டாலே ஆகவில்லை. "ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, ஒரு கூடாரம். அது என்ன பண்ணும் பாவம்? ஏத்தத்துல எனக்கே மூச்சு வாங்குது" என்றாள். மெக்கானிக் ஐந்நூறு சிசி ஒற்றை சிலிண்டரைச் சொன்னார். அம்மா ஒரு தோழியின் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடியில பின்னாடி வர்ற ஒரு லாரி ரெண்டு லாரியாத் தெரியுது. அப்படி ஒரு ஆட்டம்" என்று தள்ளிவிட்டாள்.

கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு அறுநூற்றைம்பது கிடைத்தது. இரட்டை சிலிண்டர். முன்பக்கம் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றியது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை.

"எனக்கு வேகம் வேண்டாம். வளைவுல கியரைத் தட்டிக்கிட்டே இருக்காம, ஒரே இழுவையில ஏறணும். அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை கூடுமே? முன் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம். பிரேக் தாங்குமா? போன வருடமே பெரிய டிஸ்க் போட்டாகிவிட்டது. செயின்? அதுவும் கனமானதாகப் போடலாம். ஃபிரேமில் உட்காருமா?

அதற்கு மட்டும் அம்மாவிடம் பதில் இல்லை. கடைக்காரர் எஞ்சினைக் கொடுத்துவிட்டால் திருப்பி வாங்கமாட்டார். வாங்கிவந்து பொருந்தாவிட்டால் கூடத்தில் பூச்செடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் அளந்து ஒண்ணு செஞ்சுடறேன்" என்று அப்பாவாகவே சொன்னார். போய் அளந்தார். செய்தும் விட்டார்.

"தூக்குங்க" என்றாள் அம்மா.

வலப்பக்கமாகச் சாய்த்து உள்ளே விட்டார்கள். அடிப்பக்கம் தடையில்லாமல் போனது. பின்பக்க போல்ட் துளைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டுக்கு வந்தன. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேல்பக்கம் டேங்குக்குக் கீழே இருந்த குழாயில் முட்டி நின்றது. முன்பக்கமும் குழாயில் உராய்ந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"வரலைக்கா."

"தள்ளுங்க, வரும்."

அட்டை முனகியது. அப்பா பதறினார். "அழுத்தாதே, நசுங்கிடும்!"

"நிஜ எஞ்சின் நசுங்குமா?"

"நசுங்காது. அதைத்தானே சொல்றேன்."

மெக்கானிக் இடைவெளியைக் கையால் பார்த்தார். "ஒரு விரல் அகலம்தான் இடிக்குது. என்ன பண்ண, விரலும் இரும்பும் ஒண்ணா?" என்று எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். "முன்குழாயை வெட்டணும். வெட்டி, முன்னாடி தள்ளி, திரும்ப ஒட்டணும். மேல கொஞ்சம் வளைக்கணும்."

"ஃபிரேமையா?"

"வேற வழி இல்ல."

"மலையில, அத்தனை பாரத்தோட, வெட்டி ஒட்டின ஃபிரேம். உடையாதா?"

"நான் ஒட்டினா உடையாதுக்கா."

"போன வருஷம் ஒட்டினீங்களே, என் சைடு ஸ்டாண்டு?"

மெக்கானிக் மேலே கூரையைப் பார்த்தார். "அது ரோடு சரியில்ல."

"நின்னுக்கிட்டிருந்த வண்டிக்கு ரோடு என்ன பண்ணிச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அட்டை எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பழசையே சரிபண்ணிடலாம்" என்றார் அப்பா. மெல்லத்தான் சொன்னார். ஆனால் உடனே சொன்னார்.

அம்மா திரும்பினாள். "எவ்வளவு சுலபமா வருது உங்க வாயில."

"நான் என்ன பண்ணட்டும்? உக்காரலையே."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கடைக்காரருக்குச் சொல்லணும். வேற ஒருத்தர் கேட்டிருக்காராம்." சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்கினாள். "எனக்கு வகுப்பு இருக்கு. யோசிச்சுச் சொல்றேன். யாரும் என்கிட்ட இப்போ எதுவும் பேச வேண்டாம்."

கார் கதவு அறைந்து மூடியது. ஒரு வாரத்துக் கோபம் முழுவதும் அந்தக் கதவில் இருந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் அப்பா எஞ்சினைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். முன்பக்க மூலை மடங்கியிருந்தது. விரல் நுனியால் நீவி நிமிர்த்தினார். பிறகு குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று அதைக் கழற்றப் போய்விட்டார்.

பூனை எஞ்சினுக்கு எதிரே உட்கார்ந்தாள். கடையில் அளவெடுத்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். எண்கள் அவள் தலையில் அப்படியே தங்கிவிடும். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே நல்ல பெயர் அதனால்தான். வேறு வேலை இல்லாமல் ஸ்கேலை எடுத்து அகலத்தை அளந்தாள்.

அதிகமாக இருந்தது.

தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி அளந்தாள். அதிகம்தான். உயரத்தையும் அளந்தாள். அதுவும் அதிகம்.

தன் ஞாபகத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சினைத் திருப்பி, புகைக்குழாய்த் துளை வழியாக உள்ளே பார்த்தாள். கனமான ஐந்தடுக்கு அட்டை. வளையக்கூடாதென்று அப்பா பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. துளை வழியாக ஸ்கேலை நுழைத்து, உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளந்தாள்.

மில்லிமீட்டர் பிசகாமல் சரியாக இருந்தது.

"அப்பா."

குளியலறையிலிருந்து ஸ்பேனர் சத்தம் வந்தது.

"அப்பா, இங்க வாங்களேன்."

ஈரக்கையோடு வந்தார்.

"இது உள் அளவா?"

அப்பா துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "பெட்டின்னா உள் அளவுதானே."

அது பூனைக்கும் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஜாடிக்காரர் ஜாடி இவ்வளவு பெரிது என்பார். ஜாடி உள்ளே உட்காரும்படி பெட்டி செய்ய வேண்டும். சுவர் எவ்வளவு தடிமன், வெளியே எவ்வளவு வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. இத்தனை வருடங்களாக அப்பாவின் கை அப்படித்தான் கோடு போடுகிறது.

"ஆனா இது பெட்டி இல்லப்பா. இதுதான் ஜாடி."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் அட்டையோட தடிமன் கூடியிருக்கு. அதைக் கழிச்சா அந்த ஒரு விரல் போயிடும். அப்பா, எஞ்சின் உக்காரும்! ஃபிரேமை வெட்டவே வேண்டாம்!"

அந்த வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே காது கூசியது.

"கத்தாதே" என்றார் அப்பா.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அட்டை விஷயத்தில் அப்பா தப்பு செய்தார் என்றால் வேறு எதுவும் நடக்கலாம்.

செல்போனைக் கையில் எடுத்தாள்.

"வேண்டாம், நானே அம்மாகிட்ட சொல்றேன்."

அதுவும் நியாயம்தான். போனைக் கீழே வைத்தாள்.

அப்பா குழாய்க்கு வாஷர் மாற்றினார். பிறகு சொட்டாத சமையலறைக் குழாய்க்கும் மாற்றினார். பிறகு வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். பூனை ஒவ்வொரு அறையாகப் பின்னால் போனாள்.

"சொல்லிட்டீங்களா?"

"வகுப்பு நடுவுல கூப்பிட்டா அவளுக்குப் பிடிக்காது."

சாப்பிட்டார்கள். அப்பா தட்டைக் கழுவி வைத்தார்.

"இப்போ வகுப்பு இருக்காது. சாப்பாட்டு நேரம்."

"சாப்பிடறப்போ என்னத்துக்குத் தொந்தரவு?"

பூனை அம்மாவுக்கு ஒரு செய்தி தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். 'அம்மா, ஒரு விஷயம்' என்பதோடு நின்றது. அப்பாவைக் காட்டிக்கொடுப்பது மாதிரி இருந்தது. அதையும் அழித்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒரு முடிவு தப்பென்று தெரிந்தால் அடுத்த நிமிடமே மேசைக்கு மேசை சொல்லிவிடுவாள். வீட்டில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

மாலை ஆகிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. அம்மா.

"ம்" என்றார் அப்பா. "ம்... ம்... நல்லா யோசிச்சியா?... ம்... சரி."

வைத்துவிட்டார்.

"என்னப்பா?"

"வெட்டச் சொல்லிட்டாளாம்."

"நீங்க சொல்லலையா?"

"என்னைப் பேச விட்டாத்தானே."

"ம் போடறதுக்கு மட்டும் விட்டாங்களா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பூனையிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு சமாதானமாகச் சொன்னார்: "அவன் என்னைக்குச் சொன்ன அன்னைக்கே வேலை செஞ்சிருக்கான்? நாளைக்குத்தான் ஆரம்பிப்பான். அம்மா வீட்டுக்கு வரட்டும். உக்காந்து பேசிக்கலாம்."

பூனை மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். வெகுநேரம் அடித்தது.

"பாப்பா, அப்புறம் பேசறேன்" என்று கத்தினார். பின்னால் ஏதோ இரைந்தது. "வெட்டற மெஷினை மாட்டிட்டேன். உங்கம்மா பக்கத்துலயே நிக்கறாங்க. நாளைக்குன்னு சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு பார்வை பார்த்தாங்க பாரு..."

பூனை போனை அப்பாவின் காதருகே நீட்டினாள். இரைச்சலை அவரும் கேட்டார்.

இரண்டு தெரு. அப்பா வீட்டுச் செருப்போடு ஓடினார். அவர் ஓடி பூனை பார்த்ததே இல்லை.

*

முன்குழாயில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். மெக்கானிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். மெஷினின் தட்டு சுழல ஆரம்பித்திருந்தது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, பல் வைத்தியரிடம் குழந்தையைக் கொண்டுவந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா வாசலிலிருந்து ஏதோ கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய், சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

மெக்கானிக் பின்னால் துள்ளி விழுந்தார். மெஷின் ஓய்ந்தது.

"சார்! கை போயிருக்கும் சார்!"

"வெட்ட வேண்டாம்" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "உக்காரும்."

"எது?" என்றாள் அம்மா.

"எஞ்சின். நான் செஞ்சதுதான் பெருசு. உள் அளவுக்குச் செஞ்சுட்டேன்."

அம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அருகே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"கடவுளே. உள் அளவு! ஏங்க, எஞ்சினுக்குள்ள என்னத்தை வெக்கப் போறீங்க?"

மெக்கானிக்கும் சிரித்தார். என்ன என்று அவருக்குப் புரியவில்லை; ஆனாலும் சிரித்தார். பூனை சுவரில் சாய்ந்துகொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், காலையிலிருந்து நான் வேற உங்களைக் கடிச்சு வெச்சிட்டேன். எப்போ தெரிஞ்சுது?"

பூனை வாயைத் திறந்தாள். தான் அளந்ததைச் சொல்ல நினைத்தாள். அதற்குள் அப்பா சொன்னார்.

"கடைசி மடிப்பை ஒட்டும்போது."

பூனை அவரைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"கடைசி மடிப்பு..." அம்மா யோசித்தாள். "அது புதன்கிழமையே முடிஞ்சுதே. கூடத்துல காயப்போட்டிருந்தீங்களே."

"ம்."

"இன்னைக்குச் சனிக்கிழமை."

"ம்."

"பிரிச்சு ஒட்டியிருக்கலாமே."

அப்பா கையைக் குழாயிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் சாக்குக்கட்டி அப்பியிருந்தது. "பழக்கத்துலதான் செஞ்சேன். சத்தியமா. வேணும்னு செய்யல. தெரிஞ்சப்புறம்... அப்படியே இருக்கட்டும்னு தோணிச்சு."

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அக்கா, நான் ஒரு டீ குடிச்சிட்டு..." என்றார் மெக்கானிக்.

"இங்கேயே இருங்க."

அவர் இருந்தார்.

"முதல் வருஷம்" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "அந்த வளைவுக்கிட்ட வந்தப்போ என் தோள்ல தட்டினீங்க. கருகின வாசனை வருதுன்னீங்க. திரும்பிட்டேன். அடுத்த வருஷம் பெட்டி ஆடுதுன்னீங்க. திரும்பிட்டேன். போன வருஷம் மேகம். மூணு தடவையும் வீட்டுக்கு வந்து நான் வண்டியைத் திட்டினேன். எஞ்சின் பத்தலைன்னு நினைச்சேன். பத்தாதது எஞ்சின் இல்ல."

"இந்தத் தடவை எஞ்சின்தான் நின்னுச்சு."

"இந்தத் தடவைதான் நீங்க தட்டல. வண்டி அந்த வளைவு வரைக்கும் போயிருந்தா தட்டியிருப்பீங்க."

மெக்கானிக் நட்டு போட்டுவைக்கும் டப்பாவை எடுத்து, ஒரு நட்டை எடுத்துத் திரும்பப் போட்டார்.

"பின்னாடி உக்காந்தா எதிர்ல ஒண்ணும் தெரியாது" என்றார் அப்பா. "உன் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். வளைவு வருதுன்னு உன் தோள் சாயறப்போதான் எனக்குத் தெரியும். திரும்பிப் பாத்தா பள்ளம் முழங்காலுக்குக் கீழ இருக்கும். நீ பாட்டுப் பாடிக்கிட்டே போவே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போகாம இருந்துடுவே."

"நான் போகாம இருக்கறதுக்குத்தானே இவ்வளவு பெரிய பெட்டி செஞ்சீங்க!"

இப்போதுதான் குரல் உயர்ந்தது. அப்பா உள்ளங்கைச் சாக்குக்கட்டியைச் சட்டையில் தேய்த்தார்.

பூனைக்கு இருவரில் யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. புதன்கிழமையே தெரிந்தவர் இன்று காலை, 'பெட்டின்னா உள் அளவுதானே' என்று விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவர் தன்னிடமும் மறைத்தார். ஆனால் அந்தச் சுழலும் தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே கையைக் கொண்டுபோய் வைத்ததும் அவர்தான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா பூனையிடம். அம்மா அவளுக்கு 'நீங்க' போட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். "ஸ்கேலும் கையுமா வீடு முழுக்க அலையற பொண்ணு. கண்ணுல படலையா?"

"பட்டுது" என்றாள் பூனை.

"எப்போ?"

"காலையில. நீ வகுப்புக்குப் போனப்புறம்."

"ஓ." அம்மா தலையை ஆட்டினாள். மெல்ல, இரண்டு மூன்று தடவை. "அப்போ இந்த வீட்டுல தெரியாதது எனக்கு மட்டும்தான். எனக்கும் இந்த மெக்கானிக்குக்கும்."

"எனக்கு இன்னும்கூடப் புரியலக்கா" என்றார் மெக்கானிக் தாழ்ந்த குரலில்.

"அவர் சொல்றதை விடுங்க. நீங்களே போய் அளந்திருக்கணும். ஃபிரேமை வெட்டற அவசரம் அளக்கறதுல இல்ல." மெக்கானிக்குக்கும் அன்றைய பங்கு கிடைத்துவிட்டது.

அம்மா அப்பாவின் எதிரே வந்து நின்றாள். அவரைவிட அவள் உயரம் குறைவு. நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அளந்தெல்லாம் சொல்ல வேண்டாம். அடுத்த மாசம் என்கூட வரீங்களா, இல்லையா?"

அப்பா வண்டியைப் பார்த்தார். நீளமான சீட்டின் பின்பாதியைப் பார்த்தார். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடத்தில் தோல் நிறம் மங்கியிருந்தது.

அம்மாவின் போன் அடித்தது. கடைக்காரர்.

"சொல்லுங்க" என்றாள், கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல். "யாரு? அவரா? வந்துட்டாரா?... இல்ல, இல்ல, தராதீங்க. அஞ்சு மணின்னுதானே சொன்னீங்க, இன்னும் ஆகலையே. நான் வந்துக்கிட்டே இருக்கேன். எடுத்துக்கறேன். ஆமா, முடிவு பண்ணிட்டேன்... பொருந்தும். பொருந்தும்ங்க. வெச்சிருங்க."

வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். "கிளம்புங்க. தூக்க ஆள் வேணும்."

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் வரவா அக்கா?"

"நீங்க இருங்க. எஞ்சின் வந்தா இன்னைக்கே இறக்கணும். அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க."

மரத்தடியில் பயிற்சிக் கார் சாய்ந்த வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்பா வழக்கம்போல் அவளுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"பின்னாடி உக்காருங்க."

"ஏன்?"

"அங்க ஒரு பிரேக் இருக்கு."

இருந்தது. பழகுபவர்கள் தடுமாறினால் அம்மா மிதிப்பதற்காக அந்த இருக்கைக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் பொருத்தியிருந்தார்கள். அப்பா குனிந்து அதைப் பார்த்தார். கதவில் வைத்த கை அப்படியே இருந்தது. பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறினார்.

பூனை முன்னால் உட்கார்ந்தாள்.

"காலை மடக்கி வெச்சுக்கோ" என்றாள் அம்மா.

மடக்கிக்கொண்டாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தது. பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. பேருந்துக்கு முன்னால் சுலபமாக நுழைந்து திரும்பினாள். பூனையின் குதிகால் தானாக இருக்கையின் அடியை அழுத்தியது.

பின்னாலிருந்து அப்பா தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"நீ கேட்டியே, அதுக்கு..."

"இப்போ வேண்டாம்" என்றாள் அம்மா. "நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."